கேள்வி உங்களுடையது: சின்னப் பள்ளிக்கூடத்தில் ஒரு தவணை

கிராமத்து ஆரம்பப் பாடசாலைகள் பற்றிக் கேள்வி அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். கொழும்பிலிருந்து முதல் நியமனம் பெற்று வெளிமாவட்டத்துக்குப் போன ஆசிரியர்கள், ஊர்ப் பள்ளியை மறக்காத பழைய மாணவர்கள், அங்கே அதிபராக இருப்பவர்கள் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். ஆரம்பக் கல்வியில் நெடுங்காலம் வேலைசெய்த ஆசிரியர்கள் பதில் தருகிறார்கள். ஒரே விடயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கியிருக்கிறோம்.

கேள்வி: கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த எனக்கு முதல் நியமனம் பதுளை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில். தரம் 1 முதல் 5 வரை 38 பிள்ளைகள். அதிபரோடு சேர்த்து நாங்கள் நான்கு பேர். அடுத்த தவணைக்குச் செயற்பாட்டுத் திட்டம் எழுதச் சொல்லியிருக்கிறார் அதிபர். சந்தை, விளையாட்டு விழா, தோட்டம், கண்காட்சி, சுற்றுலா என்று 11 எழுதிவிட்டேன். கூடிவிட்டதா? – புதிய ஆசிரியை, கொழும்பு 13

பதில்: கூடிவிட்டது. எட்டை வெட்டுங்கள்.

13 வாரத் தவணை என்றால் 65 நாள். போயாவும் மற்ற விடுமுறைகளும் போக, தவணைப் பரீட்சை வாரம் போக, வலயப் பணிமனைக் கூட்டத்துக்கு ஓர் ஆசிரியர் போன நாட்கள் போக, அடைமழையில் வரவு பாதியாகும் நாட்களும் போக, முழுப் பள்ளியும் சேர்ந்து ஒரு வேலை செய்ய 45 நாள் மிஞ்சினால் பெரிது. நான்கு பேர் உள்ள பள்ளியில் ஒருவர் லீவில் நின்றால் ஆசிரிய பலத்தில் காற்பங்கு போய்விடுகிறது. திட்டம் எழுதும்போது இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

நாள்தோறும் நடக்கிற ஒன்று, கிழமைக்கு ஒருமுறை நடக்கிற ஒன்று, ஒரே நாளில் முடிகிற ஒன்று. இந்த மூன்றும் போதும். தினமும் 10 நிமிட வாசிப்பு, புதன்கிழமை தோட்டம், 9ஆம் வாரத்தில் சிறுவர் சந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரத்தையும் ஒவ்வொரு பிள்ளையும் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்து எழுதுவதற்கு ஒதுக்குங்கள். 38 பிள்ளைகள் என்பது உங்களுக்குக் கிடைத்த வரம். ஒரு நாளைக்கு நான்கு பிள்ளைகளோடு தனித்தனியாக உட்கார்ந்தால் 10 நாளில் எல்லோரையும் பார்த்துவிடலாம். 400 பிள்ளைகள் உள்ள பள்ளியால் இதைச் செய்ய முடியாது. தொடக்கத்தில் எழுதாவிட்டால் தவணை முடிவில் அறிக்கையில் 'நல்ல முன்னேற்றம்' என்ற இரண்டு சொல்லைத் தவிர எழுத ஒன்றும் இராது. கடைசி இரண்டு வாரத்தில் விழா எதையும் வைக்காதீர்கள். பரீட்சைத் தாளும் முன்னேற்ற அறிக்கையும் விழாவும் ஒன்றாக வந்து விழுந்தால் மூன்றுமே அரைகுறையாகும்.

கேள்வி: தரம் 3உம் 4உம் ஒரே அறையில், ஒரே ஆசிரியர். ஒரு தரத்துக்குப் படிப்பிக்கும்போது மற்றத் தரம் சும்மா இருக்கிறது. என்ன வழி? – ஆசிரியர், வவுனியா வடக்கு

பதில்: முதலில் கரும்பலகையை மாற்றுங்கள். எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு பலகை வைத்து, இரண்டு தரமும் முதுகுக்கு முதுகு பார்த்து உட்காரட்டும். ஒரே பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்தால் பிள்ளையின் கண் எப்போதும் மற்றப் பக்கம்தான் போகும்.

40 நிமிடப் பாடத்தில் முதல் 5 நிமிடம் எல்லோருக்கும் பொது. அடுத்த 15 நிமிடம் தரம் 3 உங்களோடு, தரம் 4 அட்டை வேலையில். பிறகு 15 நிமிடம் மாற்றம். கடைசி 5 நிமிடம் மறுபடி பொது. வழமையாகக் குழம்புவது ஏழாவது நிமிடத்தில்: 'டீச்சர், முடிஞ்சுது' என்று கொப்பியோடு வரிசை நிற்கும். ஐந்து கணக்கு மட்டும் கொடுத்தால் அப்படித்தான் நடக்கும். ஒரு பிறிஸ்டல் போட்டை நான்காக வெட்டி, முன்பக்கம் வேலையும் பின்பக்கம் விடையும் எழுதுங்கள். ஒரு பாட அலகுக்கு 20 அட்டை: எட்டு எல்லோரும் செய்யக்கூடியது, எட்டு கொஞ்சம் யோசிக்க வைப்பது, நான்கு பிள்ளையே ஒரு கேள்வி அமைக்க வேண்டியது. இந்தக் கடைசி நான்கும் விரைவில் முடிவதில்லை, அதனால்தான் அவை வேண்டும். சந்தேகம் வந்தால் முதலில் பக்கத்துப் பிள்ளை, அடுத்து அட்டையின் பின்பக்கம், அதன் பிறகே ஆசிரியர் என்ற ஒழுங்கை முதல் வாரமே பழக்கிவிடுங்கள்.

சுற்றாடல் பாடத்தில் இரண்டு தரத்துக்கும் ஒரே கருப்பொருளை எடுக்கலாம். நீர் என்றால் தரம் 3 கிணற்றடியை வரையட்டும், தரம் 4 வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை வாளி செலவாகிறது என்று எண்ணிவந்து அட்டவணை போடட்டும்.

கேள்வி: சிறுவர் சந்தை வைத்தோம். கூட்டம் நிறைய வந்தது, எல்லாம் விற்றது, படமும் எடுத்தோம். ஆனால் காசு வாங்கியதும் மிச்சம் கொடுத்ததும் பெற்றோர்தான். பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். இதைச் சாதனை என்று எழுத மனம் வரவில்லை. – அதிபர், மன்னார் மாவட்டம்

பதில்: உங்கள் மனம் சரியாகத்தான் சொல்கிறது. சந்தையில் பிள்ளையின் கையைவிட்டுக் கணக்குப் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், மாற்றுக் காசு இல்லாமை. 60 ரூபாய்க் கீரைக்கு 1,000 ரூபாய்த் தாள் நீட்டினால் எட்டு வயதுப் பிள்ளை திகைக்கும். பின்னால் நிற்கும் அம்மா கையை நீட்டுவார். அத்தோடு அந்தக் கடையில் பாடம் முடிந்தது.

ஆகவே சந்தைக்கு ஒரு கிழமைக்கு முன்னரே வங்கியில் சொல்லிவைத்துச் சில்லறை எடுங்கள். ஒரு கடைக்கு 300 ரூபா: 10 ரூபாய்க் குற்றி 10, இருபது ரூபா 5, ஐம்பது ரூபா 2. எட்டுக் கடை என்றால் 2,400 ரூபா. எந்தக் கடைக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று எழுதிவைத்து, முடிந்ததும் முதலில் அதைத் திருப்பி எடுங்கள். வாசலில் ஒரு மேசை போட்டு, 500 ரூபாவும் அதற்கு மேலுமான தாள்களை அங்கேயே மாற்றிக்கொண்டுதான் உள்ளே வரவேண்டும் என்று வையுங்கள். அந்த மேசையில் வளர்ந்தவர் இருக்கலாம். கடைகளில் வளர்ந்தவர் நிற்கக் கூடாது. பெற்றோருக்கான இடம் கயிற்றுக்கு இந்தப் பக்கம் என்று அழைப்பிதழிலேயே எழுதிவிடுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும், ஆனாலும் எழுதுங்கள்.

விலைகள் எல்லாம் பத்தின் மடங்காக இருக்கட்டும். 45, 75 என்று வைத்தால் 5 ரூபாய்க் குற்றி தேடுவதிலேயே காலை போய்விடும். ஒரு கடைக்கு இரண்டு பிள்ளைகள், ஒருவர் பொருளுக்கு, ஒருவர் காசுக்கு. அரை மணிக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். மாற்றாவிட்டால் கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளையே காலை முழுதும் காசுப் பெட்டியோடு இருக்கும்.

நிறுக்கிற பொருட்களை முதல் நாளே பிள்ளைகளைக் கொண்டு நிறுத்து 250 கிராம், 500 கிராம் பொதியாகக் கட்டிவிடுங்கள். சந்தை நெரிசலில் தராசுத் தட்டை ஒரு பிள்ளை கையால் தாங்கிப் பிடித்திருப்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள். முதல் நாள் ஆறுதலாக நிறுத்தால், வெறுந்தட்டு சமமாக நிற்கிறதா என்று பார்க்கும் பழக்கமும் வரும். சமைத்த உணவும் ஐஸ் போட்ட பானமும் வேண்டாம். எள்ளுருண்டை, வறுத்த கச்சான் போன்ற உலர்ந்தவை போதும். காலை 8 மணிக்குத் தொடங்கி 10.30க்கு முடித்துவிடுங்கள், அதன் பிறகு கீரையும் வாடும், பிள்ளையும் வாடும்.

சந்தைக்கு முந்திய நான்கு வாரமும் வகுப்பறையில் ஒத்திகை நடக்க வேண்டும். தரம் 1 குற்றிகளை இனம் பிரிக்கட்டும். தரம் 2 இரண்டு பொருளின் விலையைக் கூட்டட்டும். தரம் 3க்கு 100 ரூபாயில் மிச்சம். அதில் கழித்தலைவிட எண்ணிக் கூட்டுவதே கடைக்காரர் வழி: 60 ரூபாய்ப் பொருளுக்கு 100 தந்தால், '70, 80, 90, 100' என்று சொல்லிக்கொண்டே நான்கு பத்து ரூபாய்க் குற்றியை வாங்குபவர் கையில் வைப்பது. தரம் 4 பற்றுச்சீட்டு எழுதட்டும்.

தரம் 5க்கு இலாபக் கணக்கு. இதிலே ஒரு பிழை வழமையாக வரும். வீட்டிலிருந்து இலவசமாக வந்த கீரை என்பதால் விற்ற காசு முழுவதும் இலாபம் என்று எழுதுவார்கள். வீட்டில் விளைந்ததற்கும் ஊர்க் கடை விலையைக் கொள்விலையாகப் போட வேண்டும். 15 கட்டுக் கீரை, கட்டு 40 ரூபாப்படி 600 ரூபா. 12 கட்டை 60 ரூபாவுக்கு விற்றால் 720. மீதி மூன்றும் வாடிவிட்டால் இலாபம் 120. அந்த மூன்றையும் 10 மணிக்கே விலை குறைத்து 30 ரூபாவுக்கு விற்றிருந்தால் 90 சேர்ந்து இலாபம் 210. எப்போது விலையைக் குறைப்பது என்று பிள்ளைகள் வாதாடட்டும், நேரம் கொடுங்கள். எங்கள் கணிப்பில் முழுச் சந்தையிலும் விலைமதிப்பான அரை மணி அதுதான்.

இனி உங்கள் சாதனைப் பதிவு. ஆசிரியர் ஒருவர் ஒரு பெயர்ப் பட்டியலோடு கடை கடையாகப் போய், ஒவ்வொரு பிள்ளையும் ஐந்து தடவை மிச்சம் கொடுப்பதைப் பார்த்து, 'தானே', 'உதவியுடன்', 'இன்னும் இயலவில்லை' என்ற மூன்று நிரலில் அடையாளம் இட வேண்டும். '22 பிள்ளைகளில் 15 பேர் ஐந்து தடவையும் தாமாகவே சரியாகக் கொடுத்தார்கள்' என்ற மாதிரி ஒரு வரி எழுத முடிந்தால் அது சாதனை. விற்ற காசு யாருக்கு, பிள்ளைக்கா வகுப்புக்கா என்பதையும் முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள். சந்தை முடிந்தபின் வரும் மனக்கசப்புகள் பெரும்பாலும் அதில்தான் தொடங்கும்.

கேள்வி: செலவே இல்லாமல் தவணை முழுதும் நடத்தக்கூடிய அறிவியல் செயற்பாடு ஒன்று சொல்லுங்கள். – ஆசிரியை, மட்டக்களப்பு மாவட்டம்

பதில்: மழைமானி. ஒரு பிளாஸ்டிக் போத்தல், அடிமட்டம், ஒரு பிடி சீமெந்து இருந்தால் போதும்.

1.5 லீற்றர் போத்தல் ஒன்றை எடுங்கள். உடம்பு மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக இருக்க வேண்டும். இடுப்பு ஒடுங்கிய போத்தல் சரிவராது, ஒடுங்கிய இடத்தில் நீர் மட்டம் கூடுதலாக ஏறிப் பொய் சொல்லும். கழுத்து ஒடுங்கத் தொடங்கும் இடத்தில் வட்டமாக வெட்டி, வெட்டிய மேற்பாகத்தை மூடியில்லாமல் தலைகீழாக உள்ளே இறக்குங்கள். அது புனலாகி, விழுந்த நீர் வெயிலில் ஆவியாவதைக் குறைக்கும். புனலின் வாயும் போத்தலின் உடம்பும் ஒரே விட்டம் என்பதால் உள்ளே நிற்கும் நீரின் உயரமே மழையின் அளவு. வேறு கணக்குத் தேவையில்லை.

போத்தலின் அடி மேடும் பள்ளமுமாக இருக்கும். சிறு கல்லும் சீமெந்துக் குழம்பும் ஊற்றி மட்டமாக்கி, காய்ந்தபின் அந்த மேற்பரப்பிலிருந்து 0 தொடங்குமாறு அடிமட்டத்தை வெளியே செலோடேப்பால் ஒட்டுங்கள். சீமெந்துக்குப் பதிலாகக் குறிக்கோடு வரை நீர் ஊற்றுவதும் உண்டு. மழையில்லாத நாட்களில் அந்த நீர் வற்றி, அடுத்த மழையின் அளவு குறைவாகக் காட்டும் என்பதால் சீமெந்தே நல்லது.

வைக்கும் இடம் முக்கியம். மரத்தின் கீழும் கூரையின் ஓரமும் ஆகாது. பக்கத்தில் உள்ள மரமோ கட்டடமோ எவ்வளவு உயரமோ, அதைப்போல இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி வையுங்கள். வாய் நிலத்திலிருந்து 30 சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்தால் மண்ணில் பட்டுத் தெறிக்கும் நீர் விழாது. காற்றுக்குச் சாயாமல் மணல் நிரப்பிய வாளியில் புதைத்துவிடுங்கள்.

நாள்தோறும் காலை 8.30க்கு வாசிக்க வேண்டும். நம் நாட்டு வளிமண்டலவியல் திணைக்களமும் 24 மணி மழையை 8.30இலிருந்து 8.30 வரைதான் கணக்கெடுக்கிறது. கொழும்பு பௌத்தாலோக மாவத்தையில் உள்ள அந்த அலுவலகத்தின் எண்ணும் உங்கள் முற்றத்துப் போத்தலின் எண்ணும் ஒரே முறையில் எடுத்தவை என்று சொன்னால் பிள்ளைகளின் முகம் மலரும். வாசிக்கும் பிள்ளை குந்தியிருந்து கண்ணை நீர் மட்டத்துக்கு நேரே கொண்டுவர வேண்டும். நின்றுகொண்டு மேலிருந்து பார்த்தால் இரண்டு மூன்று மில்லிமீற்றர் பிழைக்கும். வாசித்ததும் நீரை ஊற்றிவிடுங்கள். இரண்டு நாள் தேங்கினால் நுளம்புக் குடம்பி வந்துவிடும். திங்கட்கிழமை அளவு வெள்ளி காலை 8.30இலிருந்து சேர்ந்தது. அதை 'மூன்று நாள் மொத்தம்' என்று எழுதாமல் திங்கள் மழை என்று எழுதினால் வரைபில் திங்கட்கிழமைகளில் மட்டும் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியதுபோல இருக்கும்.

தரம் 3 சதுரக் கோட்டுத் தாளில் ஒரு மில்லிமீற்றருக்கு ஒரு கட்டம் நிறம் தீட்டட்டும். தரம் 5க்கு வேறு வேலை உண்டு. ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை என்பது 1 லீற்றர் நீர். 20 மீற்றர் நீளமும் 6 மீற்றர் அகலமும் மூடிய கூரையில் 25 மில்லிமீற்றர் பெய்தால் 3,000 லீற்றர். மலசலகூடத்துக்குத் தண்ணீர் இல்லாத பள்ளி என்றால் பீலி பூட்டித் தாங்கி வைக்கும் கோரிக்கையை இந்த எண்களோடு பிள்ளைகளே எழுதலாம்.

கேள்வி: வாசிப்பில் முன்னேற்றம் என்று எல்லா அறிக்கையிலும் எழுதுகிறோம். அளந்து காட்டுவது எப்படி? – ஆசிரியர், முல்லைத்தீவு மாவட்டம்

பதில்: பிள்ளை முன்பு பார்த்திராத 60 சொல் கொண்ட ஒரு பந்தி. தவணைத் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் அதே கடினத்தில் வேறொன்று. பாடநூலிலிருந்து எடுக்காதீர்கள். அண்ணன் அக்கா வாசித்ததைக் கேட்டே பாடநூலை மனப்பாடமாக ஒப்புவிக்கும் பிள்ளைகள் சின்னப் பள்ளியில் நிறைய. சந்தேகம் இருந்தால் பந்தியின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு, இது என்ன என்று கேளுங்கள்.

பிள்ளை வாசிக்க, உங்கள் பிரதியில் பிழைத்த சொல்லின்மேல் பிள்ளை சொன்னதை எழுதுங்கள். தானே திருத்திக்கொண்டால் அது பிழையில்லை. 60இல் 3 பிழை வரை என்றால் நூற்றுக்கு 95 சரி, அந்த நூலைப் பிள்ளை தனியாக வாசிக்கலாம். 4 முதல் 6 பிழை என்றால் உங்கள் துணையோடு. அதற்கு மேல் போனால் நூல் கடினம், கீழிறங்க வேண்டும். வாசித்து முடிந்ததும் இரண்டு கேள்வி கேளுங்கள். பிழையின்றி வாசித்து ஒன்றும் விளங்காத பிள்ளையும் உண்டு.

வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று அளப்பது ஆங்கிலத்துக்குப் பொருந்தும், தமிழுக்குப் பொருந்தாது. 'பூ' ஒரு சொல். 'வந்துகொண்டிருந்தார்கள்' என்பதும் ஒரு சொல்தான், ஆனால் 12 எழுத்து. நிமிடத்துக்கு எத்தனை எழுத்து என்று எண்ணுங்கள்.

எழுதிவைத்த பிழைகளை ஒருநாள் மாலை பரப்பிவைத்துப் பாருங்கள். அவை மூன்று நான்கு கூட்டமாகப் பிரியும். கொ, கோ என்பவற்றை கெ, கே என்று வாசிக்கும் பிள்ளை இடப்பக்கக் கொம்பைப் பார்த்ததும் ஒலித்துவிடுகிறது, வலப்பக்கக் காலுக்குக் கண் போகவில்லை. இரண்டு நிற அட்டையில் கொம்பையும் காலையும் தனித்தனியே வெட்டி, எழுத்தை நடுவில் வைத்துக் கட்டச் சொன்னால் ஒரு கிழமையில் சரியாகும். புள்ளியை விட்டுவிடும் பிள்ளை 'பட்டம்' என்பதைப் 'படடம' என்று இழுக்கும். அதற்குப் 'படம் – பட்டம்', 'மலை – மல்லை' போல இணைகளைக் கைதட்டி ஒலிக்க வேண்டும். ல, ள, ழ குழப்பம் வாசிப்பைவிட எழுத்தில்தான் கூடுதலாகத் தெரியும், அதற்கு அவசரப்பட வேண்டாம். 'வந்திருக்கிறார்' என்று இருப்பதை 'வந்திருக்காரு' என்று ஒரு தோட்டத்துப் பிள்ளை வாசித்தால், பிள்ளை பொருளை விளங்கித் தன் வீட்டு மொழிக்கு மாற்றியிருக்கிறது. அதைப் பிழைக் கணக்கில் சேர்க்காதீர்கள், ஓரத்தில் குறித்து வையுங்கள். பிள்ளையின் பேச்சைத் திருத்தப் போனால் வாசிப்பதையே நிறுத்திவிடும்.

கேள்வி: 34 பிள்ளைகள். மூன்று இல்லம் பிரித்து விளையாட்டுப் போட்டி வைக்கலாமா? மைதானமும் சிறிது. – உடற்கல்வி பொறுப்பாசிரியர், கிளிநொச்சி மாவட்டம்

பதில்: இரண்டு இல்லம் போதும். மூன்றாகப் பிரித்தால் ஒரு வயதுப் பிரிவில் ஓர் இல்லத்துக்கு இரண்டு பிள்ளை, ஒன்றுக்கு ஆள் இல்லை என்று வரும். கால் வேகமான மூன்று பிள்ளைகளே எல்லாப் பரிசையும் அள்ளாமல் இருக்க, ஒரு பிள்ளைக்கு ஒரு தனி நிகழ்ச்சியும் ஒரு குழு நிகழ்ச்சியும் மட்டும் என்று வரையறுங்கள். சாக்கோட்டம், தேசிக்காய்க் கரண்டி ஓட்டம், போத்தலில் நீர் நிரப்புதல் போன்றவை வேகத்தை மட்டும் நம்பியவை இல்லை. இல்லத்தின் 17 பிள்ளைகளும் ஓடும் ஓர் அஞ்சலோட்டத்தைக் கடைசியில் வையுங்கள்.

வட்டப் பாதை வேண்டுமென்றால் 120 மீற்றர் பாதை போடலாம். 30 மீற்றரில் இரண்டு நேர்ப்பக்கம், இரண்டு முனையிலும் 9.55 மீற்றர் ஆரையில் அரைவட்டம். அது உட்கோடு. ஒரு மீற்றர் அகலத்தில் நான்கு சுவடு என்றால் 57க்கு 27 மீற்றர் இடம் வேண்டும். ஆரை பிடிக்கத் தும்புக்கயிறு வேண்டாம், இழுத்தால் நீளும்; கம்பியோ அளவுநாடாவோ எடுங்கள். ஒரு முழுச் சுற்றுக்கு ஒவ்வொரு வெளிச்சுவட்டின் தொடக்கக் கோடும் முந்தியதைவிட 6.28 மீற்றர் முன்னால் வர வேண்டும். ஒரே கோட்டில் நிறுத்தினால் நான்காம் சுவட்டுப் பிள்ளை ஏறத்தாழ 19 மீற்றர் கூட ஓடும். இடம் போதாவிட்டால் 50 மீற்றர் நேரோட்டம் போதும், சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே நல்லது.

கோடு போடச் சுண்ணாம்புத் தூள் வேண்டாம். விழுந்த பிள்ளையின் கண்ணில் பட்டால் எரித்துவிடும். உமிச் சாம்பலோ மரத்தூளோ போதும்.

கேள்வி: தோட்டம் போட்டால் காய்க்கும்போது விடுமுறை வந்துவிடுகிறது. – ஆசிரியை, புத்தளம் மாவட்டம்

பதில்: கத்தரியும் மிளகாயும் வேண்டாம், ஒரு தவணைக்குள் அடங்கா. முளைக்கீரை 25 – 30 நாள், முள்ளங்கி 45 நாள் அளவில், வெண்டி ஏறத்தாழ 50 நாளில் முதற் காய். மூன்றாம் வாரத்துக்குள் வெண்டியை ஊன்றிவிடுங்கள். கீரையை இரண்டு வாரத்துக்கு ஒரு பாத்தியாக மாறி மாறி விதையுங்கள். பாத்தி 1 மீற்றர் அகலத்துக்கு மேல் போனால் பிள்ளையின் கை நடுவுக்கு எட்டாமல் உள்ளே மிதிக்கும். கீரை விதை முளைக்கவில்லை என்றால் பெரும்பாலும் எறும்பு காவியிருக்கும்: விதையைப் பத்துப் பங்கு மணலோடும் கொஞ்சம் சாம்பலோடும் கலந்து தூவி, வைக்கோலால் மூடுங்கள். முளை தெரிந்த அன்றே வைக்கோலை எடுத்துவிட வேண்டும்.

கேள்வி: தரம் 5இல் ஆறு பேர். புலமைப்பரிசிலில் ஒருவர் வெட்டுப்புள்ளிக்கு மேல். 'சித்தி 16.7 சதவீதம்' என்று போட்டதும் ஊரில் பேச்சு. எப்படி எழுதியிருக்க வேண்டும்? – அதிபர், நுவரெலியா மாவட்டம்

பதில்: ஆறு பேரில் சதவீதம் போடக் கூடாது. ஒரு பிள்ளை கூடினாலும் குறைந்தாலும் 16.7 மாறும், அதை வைத்துப் பள்ளியை எடைபோட முடியாது. அடுத்த ஆண்டு இருவர் எழுதி இருவரும் சித்தியடைந்து '100 சதவீதம்' என்று பதாகை கட்டினாலும் அதே பிழைதான். ஆளெண்ணிக்கையை எழுதுங்கள். ஆறு பேரும் தரம் 4 முடிவில் எங்கே நின்றார்கள், இப்போது எங்கே நிற்கிறார்கள் என்று பெற்றோரைத் தனித்தனியாக அழைத்துச் சொல்லுங்கள். வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும் என்பதையும் சொல்லுங்கள். 200 புள்ளிக்கான பரீட்சையில் ஒன்றிரண்டு புள்ளியால் தவறிய பிள்ளை தோற்ற பிள்ளை இல்லை.

கேள்வி: முழு வரவுக்குப் பரிசு கொடுக்கலாமா? – பாடசாலை அபிவிருத்திச் சங்க உறுப்பினர், அம்பாறை மாவட்டம்

பதில்: கொடுக்காதீர்கள். காய்ச்சலோடும் கண்ணோயோடும் பிள்ளை வந்து நிற்கும். முழுப் பள்ளியின் வரவையும் ஒன்றாக எடுங்கள்: 38 பிள்ளை, 62 நாள் என்றால் 2,356, அதில் 2,120 வரவு என்றால் நூற்றுக்கு 90. திங்கள், செவ்வாய் என்று நாள் வாரியாகப் பிரித்துப் பார்த்தால் எந்த நாளில் விழுகிறது என்று தெரியும். அறுவடையா, கோயில் திருவிழாவா, தோட்டத்தில் சம்பள நாளா என்று காரணத்தை அதன் பிறகு தேடலாம்.

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கும் பழைய மாணவர்கள் 12 பேர் சேர்ந்து எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளிக்கு நூல்கள் அனுப்ப இருக்கிறோம். 38 பிள்ளைகள். என்ன வாங்குவது, எப்படி அனுப்புவது? – கொழும்பு 6 வாசகர்

பதில்: நல்ல காரியம். கடைக்குப் போகுமுன் அதிபருடன் பேசி, தவணைத் தொடக்க வாசிப்புக் கணக்கைக் கேளுங்கள். எத்தனை பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று தெரியாமல் வாங்கினால், தரம் 5க்கான பொது அறிவு நூல்கள் குவிந்து, எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கு ஒன்றும் இராது.

நூறு தலைப்பில் ஒவ்வொன்று வாங்குவதைவிட 30 தலைப்பில் நான்கு நான்கு பிரதி வாங்குங்கள். நான்கு பிள்ளைகள் ஒரே நூலை வைத்துக்கொண்டு ஆசிரியரோடு உட்கார்ந்தால்தான் வாசிப்பு நடக்கும். தரம் 1, 2க்குப் பக்கத்துக்கு ஒரு வரி, மூன்று முதல் ஐந்து சொல், 8 முதல் 16 பக்கம். எழுத்தின் உயரம் 5 மில்லிமீற்றருக்குக் குறையாமல் பாருங்கள். அச்சு நெருக்கமாக உள்ள நூலைப் பிள்ளை திறந்தவுடன் மூடிவிடும்.

கொழும்புக் கடைகளில் தமிழ்நாட்டுச் சிறுவர் நூல்களும் இருக்கும். படமும் அச்சும் அழகு, வாங்கலாம். ஆனால் முதல் வாசிப்புக்கு நம் ஊர்ச் சொல் உள்ள நூல் வேண்டும். 'எலுமிச்சை' என்று எழுத்துக்கூட்டி வாசித்த பிள்ளைக்குத் தேசிக்காய் கண்முன் வராது. தர்ப்பூசணி, ரொட்டித்துண்டு, காலணி என்று வரும்போதெல்லாம் வத்தகப்பழம், பாண், சப்பாத்து என்று ஆசிரியர் விளக்க வேண்டியிருக்கும். தரம் 3க்குமேல் அது நல்ல பாடம், தரம் 1இல் அது தடை. பழைய பரீட்சை வழிகாட்டிகளையும் வீட்டில் தேங்கிய சஞ்சிகைகளையும் பெட்டியில் போடாதீர்கள்.

நூல்களோடு புறக்கோட்டையில் சில பொருட்களும் வாங்கிவிடுங்கள்: பிறிஸ்டல் போட் 25, மார்க்கர் பேனை ஒரு பெட்டி, அளவுநாடா ஒன்று, இரண்டு தட்டுத் தராசு ஒன்று. மேலே சொன்ன வேலைகள் பலவற்றுக்கு இவை போதும், ஊரில் இவற்றைத் தேடிப் பிடிப்பது சிரமம். காசாகக் கொடுப்பதென்றால் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கணக்கில் இட்டுப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பொருளாகக் கொடுத்தால் பட்டியலின் ஒரு பிரதி பெட்டிக்குள், ஒரு பிரதி உங்களிடம். அதிபர் பொருட்பதிவேட்டில் ஏற்றிய பக்க எண்ணைக் கேட்டு எழுதிவையுங்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று நூலை ஏந்தும் படத்தைக் கேட்காதீர்கள். தவணை முடிவில் எந்தப் படியில் எத்தனை பிள்ளை என்ற கணக்கை மட்டும் கேளுங்கள். அதைத் தர முடியாத பள்ளிக்கு நூலைவிட முதலில் ஆசிரியர் உதவி தேவைப்படலாம்.

பஸ்ஸில் அனுப்பினால் ஒரு பெட்டி 15 கிலோவுக்கு மேல் போக வேண்டாம், இறங்கும் இடத்தில் தூக்க ஆள் இராது. உட்புறம் பொலித்தீன் விரித்து அடுக்குங்கள். அங்கே போனதும் நூல்கள் அதே பெட்டியில் நிலத்தில் கிடந்தால் ஒரு மாரியில் கறையான் முடித்துவிடும்: நிலத்திலிருந்து ஒரு சாணுக்கு மேல், சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி, பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் ஒரு தட்டு அடிக்க நாலு பலகைக்கும் ஆணிக்கும் சேர்த்துக் காசு அனுப்புங்கள்.